ஓகுனி ஐயாவின் ஒன்பது பலகைகள்

போனில் அழுகிற ஒரு பெண்மணி என்ன சொல்லி அழுகிறார் என்று கேட்டுச் சொல்வதற்காகத்தான் நான் டொரொன்டோ போனேன். வேறு ஒரு வேலையும் எனக்கு அங்கே இல்லை.

நியூயார்க்கில் ஒரு பயிலரங்குக்கு வந்திருந்தேன். பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. சென்னையில் (அப்போதுதான் மெட்ராஸைச் சென்னை ஆக்கியிருந்தார்கள், எனக்கு வாய் பழகவில்லை) பெரும்பாலும் தஞ்சாவூர்ப் படங்கள்தான் வரும். பயிலரங்கு முடிகிற சமயம் ஓசாகாவிலிருந்து மிச்சிகோ கூப்பிட்டாள். வெகுகாலத்துக்கு முன் ரோமில் இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே அடுப்பில் அவள் மீன் சுட, நான் ரசம் வைக்க, வீட்டுக்காரியிடம் சேர்ந்து ஏச்சு வாங்கியவர்கள்.

அவளுடைய தாய்மாமா செய்ஜி ஓகுனி ஓர் ஓவியர். வாலிபத்தில் ஜப்பானை விட்டுக் கனடா போனவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரூப ஓவியம். மரமோ மனிதரோ வீடோ இருக்காது, நிறம் மட்டும்தான் இருக்கும். அந்த ஜனவரியில் இறந்துவிட்டார். ஸ்கார்பரோவில் ஓர் இலங்கைத் தமிழர் வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தார். கடைசி வருடங்களில் போட்ட ஒன்பது பெரிய ஓவியங்கள் அங்கேயே இருக்கின்றன. அதற்கு முன் போட்டதெல்லாம் யார் வாங்கினார்கள், எங்கே போயின என்றே தெரியவில்லை. நகரத்து ஓவியக்கூடம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். அவர் பெயர் எங்காவது இருக்கும். இல்லாவிட்டால் அவர் வாழ்ந்தார் என்பதற்கே அடையாளம் இல்லை" என்றாள் மிச்சிகோ.

"சரி, அதற்கு நான் எதுக்குடி?"

"வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்து 'ஓகுனி' என்றாலே அழுகிறார். அழ ஆரம்பித்தால் அவருக்கு ஆங்கிலம் போய்விடுகிறது. தமிழில் என்னவோ சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வா."

அவளுக்கு ஒரு நாள் முன்னதாகவே நான் போய் இறங்கிவிட்டேன். ஏப்ரல் மாதம். வசந்தம் என்றார்கள். கடைகளின் கார் நிறுத்தங்களில் பனியை ஒதுக்கிக் குவித்து வைத்திருந்தது, கருத்து அழுக்கேறி, எங்கள் தெருமுனைக் குப்பைமேடு மாதிரியே இருந்தது. வெள்ளைப் பனியைப் பார்க்கலாம் என்று வந்தவளுக்கு இதுதான் கிடைத்தது.

டோர்செட் பார்க் பக்கம் ஒரு மோட்டலில் பெட்டியைப் போட்டுவிட்டு, அஜின்கோர்ட்டில் தமிழ்க்கடைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன். ஏறியது சரியான பஸ்தான், திசைதான் தப்பு. எனக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள். "இந்தக் குளிரை இனித் தாங்க மாட்டேன், புளோரிடாவுக்கே போய்விடுவேன்" என்றாள் ஒருத்தி. "எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே சொல்கிறாய்" என்றாள் மற்றவள். அதை ரசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், பஸ்ஸில் நான் மட்டும்தான். ரூஜ் பக்கம், புதுசாகக் கட்டிய வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. தண்ணியடித்துவிட்டு வந்தால் எவனும் தன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

நிறுத்தத்தில் காய்கறிப் பைகளோடு ஒருவர் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தமிழர் என்று தெரிந்தது.

"அக்கா இந்தியாவோ?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஸ்வெட்டருக்கு மேலை சீலை, அதுக்கு மேலை சால்வை, காலிலை செருப்பு. எங்கடை ஆக்கள் வந்து ஒரு கிழமையிலை சப்பாத்து வாங்கிப்போடுவினம். உங்கை நிண்டு விறைக்காமல் அங்காலைப் பக்கம் போய் நில்லுங்கோ, பஸ் வரும். ரான்ஸ்ஃபர் வைச்சிருக்கிறியள்தானே?"

அதே காசில் பஸ் மாறிப் போவதற்குத் தருகிற அந்த டிரான்ஸ்ஃபர் சீட்டை நான் எப்போதோ கசக்கி எறிந்திருந்தேன். சென்னையில் பஸ் டிக்கெட்டை வாட்ச் வாருக்குள் செருகி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று பார்த்து அந்தப் புத்தியும் வேலை செய்யவில்லை. மறுபடி முழுக் காசு போட்டு அஜின்கோர்ட் வந்து சேர்ந்தேன். கடையில் மட்டன் ரோல்ஸும் பால் இல்லாத தேநீரும் சாப்பிட்டேன். கொத்துரொட்டி போடும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. மதுரையிலும் அதே சத்தம்தான். ஆனால் அங்கே வெளியில் நின்று கேட்பதற்கு ஒருவரும் இத்தனை சட்டை போட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் மிச்சிகோ வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அன்றைக்கு முழுக்க அவள் மாமாவைப் பற்றியே பேசினாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் வந்தபோது அந்த ஒன்பதையும் பார்த்திருக்கிறாள். பச்சைக் கல்லையும் நீலக் கல்லையும் தானே அரைத்துப் பொடியாக்கி, தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைத்து, துணி ஒட்டிய பலகையில் மெல்ல மெல்லப் பூசுவாராம். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது, அதன்மேல் அடுத்தது. போட்டோ எடுக்கக் கூடாது என்பாராம். எடுத்தால் அந்த நிறம் பொய்யாகிவிடும் என்பது அவர் கட்சி.

"கிட்டே போய் நின்றால் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

புதன்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் பரமேஸ்வரி. பரமேஸ் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மிச்சிகோவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, மனுசன்ரை மூக்கு அப்பிடியே இருக்கு. வாங்கோ, உள்ளை வாங்கோ. தங்கச்சி, அவவைச் சப்பாத்தைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, நிலம் குளிர்."

மிச்சிகோ அதற்குள் கழற்றிவிட்டாள். முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு என்றார் அக்கா. இடியப்பம், சம்பல், சொதி. மிச்சிகோ சொதியைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அவரும் உப்பிடித்தான். கரண்டி குடுத்தால் தொடமாட்டார்."

போனில் என்ன சொல்லி அழுதார் என்று கேட்டேன். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. "ஒரு சொந்தம் பக்கத்திலை இல்லாமல் அந்த மனுசன் செத்துப்போட்டுதே எண்டுதான் தங்கச்சி அழுதனான். வேறை என்ன?"

மீதியை அவர் கணவர் குலசிங்கம் அண்ணை சொன்னார். உணவகம் ஒன்றில் சமையல் வேலை அவருக்கு. அன்றைக்கு எங்களுக்காக லீவு போட்டிருந்தார். "ஆறு வருசம் எங்கடை வீட்டிலை இருந்தவர். ஆஸ்பத்திரியாலை போன் வந்தது, போனன், முடிஞ்சுது. ஜப்பான் கிழவர் இரண்டு பேர் வந்தவை, வேறை ஒருத்தரும் இல்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லைத்தானே. எரிக்கிற மெசினிலை சுவிட்சை நான்தான் அமத்தினனான். எட்டாம் நாள் செலவு, முப்பத்தோராம் நாள் கிரியை எல்லாம் எங்கடை முறைப்படி செய்தனாங்கள். அவருக்குப் பிடிச்ச மீனும் படைச்சனாங்கள்."

இதை நான் மொழிபெயர்த்தபோது மிச்சிகோ எழுந்து நின்று, இடுப்புவரை குனிந்து வணங்கினாள். அண்ணைக்குக் கூச்சமாகிவிட்டது. "உதென்ன, இருங்கோ, இருங்கோ" என்றார்.

பிறகு கீழே போனோம். படியிறங்கும்போதே அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "செத்தவீட்டுத் துடக்குக் கழிக்கோணுமெல்லே? முப்பத்தோராம் நாள் வீடு முழுக்கக் கழுவினனாங்கள். இவர் மேலை, நான் கீழை. ஐயாவின்ரை கட்டில், சட்டி, கிண்ணம், இந்தப் பலகையள், ஒண்டும் விடேல்லை. எல்லாம் சுடுதண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி, மஞ்சள்தண்ணி தெளிச்சு, துடைச்சு அடுக்கி வைச்சிருக்கிறன். எப்பிடித் தூசி பிடிச்சுக் கிடந்தது தெரியுமோ!"

தோல் பசையில் குழைத்த நிறம் எத்தனை வருடம் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். எங்கள் ஊரில் ஆயுதபூஜைக்கு மறுநாள் என்னிடம் வருகிற படங்கள் எல்லாம் இந்தக் கேஸ்தான். பக்தியோடு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கிருஷ்ணனுக்கு மூக்கைக் காணோம் என்று கொண்டுவருவார்கள்.

ஒன்பது பலகைகளும் சுவரோடு சாய்த்து வரிசையாக நின்றன. துணி வெளுத்துத் தெரிந்தது. அங்கங்கே பாசி படிந்த மாதிரி ஒரு பச்சைக் கறை, மூலைகளில் கொஞ்சம் நீலம். வட்டம் வட்டமாகத் தேய்த்த அடையாளம். சட்டி தேய்க்கிற கை தேய்த்த அதே வட்டம். மஞ்சள் தெளித்த புள்ளிகளும் இருந்தன.

மிச்சிகோ ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். கடைசிப் பலகைக்கு வந்ததும், ரோமில் நாங்கள் கற்ற இத்தாலிய மொழியில், குரலை உயர்த்தாமல் என்னிடம் சொன்னாள்: "இவரிடம் சொல்லாதே. தயவுசெய்து சொல்லாதே."

"என்னவாம்? நல்லா இருக்கோ?" என்றார் அக்கா.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க அக்கா. அவ நன்றி சொல்றா" என்றேன்.

திரும்பி வரும்போது மிச்சிகோ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது, அந்தக் கோபம் நிலைக்கவும் இல்லை. நம் வழக்கத்தில் சொந்தம் இல்லாதவர் செத்தால் தீட்டே கிடையாது. குடியிருந்தவர் போய்விட்டார் என்று கதவைச் சாத்தியிருந்தால் ஒன்பதும் பிழைத்திருக்கும். அவரைத் தங்கள் வீட்டு ஆள் என்று நினைத்ததால்தான் கழுவியிருக்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி நான் சண்டை போடுவது?

வியாழக்கிழமை ஓவியக்கூடத்து அம்மாள் வந்தார். நல்ல மனுஷி, ஒன்றையும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. டார்ச் அடித்து, சாய்த்து, முகர்ந்துகூடப் பார்த்தார். மேலே அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்த வாசம் கீழேவரை வந்தது. கடைசியில் மிச்சிகோவிடம் சொன்னார்: "இவற்றை ஓவியம் என்று நான் எடுத்துக்கொண்டு போக முடியாது. முதலில் எப்படி இருந்தது என்று காட்டுகிற படம் ஒன்று, ஒரே ஒரு பலகைக்காவது இருந்தால், அதோடு சேர்த்து ஆவணமாக வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன். நாளைக்குள் கிடைக்குமா?"

அவர் போனபின் அக்கா வடைத்தட்டோடு வந்தார். "எடுக்கினமாமோ?"

"பழைய போட்டோ ஏதாவது இருக்கான்னு கேக்கிறாங்க அக்கா."

"போட்டோ என்னத்துக்கு? வீடியோவே இருக்கு! அபிராமியின்ரை சாமத்தியவீட்டிலை ஐயாவின்ரை பெரிய பலகைதானே பின்னுக்கு நிண்டது!"

அபிராமி அவர்கள் மகள். இரண்டு வருடங்களுக்கு முன் பெரியவளானபோது ஹால் பிடித்து ஊரைக் கூட்டிச் சடங்கு செய்திருக்கிறார்கள். ஓகுனி ஐயா தானாகவே முன்வந்து, மேடைக்குப் பின்னால் வைக்கத் தன் பெரிய பலகையைக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் எதையும் கொடுக்காத மனிதராம்.

மிச்சிகோவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. எல்லோரும் மேலே வீட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த அபிராமி, "ஓ மை காட், அம்மா, நொட் தட் வீடியோ, ப்ளீஸ்" என்று மாடிக்கு ஓடிவிட்டாள். வேலை முடிந்து வந்திருந்த அண்ணை டேப்பைப் போட்டார்.

முதல் காட்சியே அந்தப் பலகைதான். மேடையில் யாரும் இல்லை, அது மட்டும். டிவியிலேயே அப்படி ஒரு பச்சை. ஆனால் முதல் நொடியிலிருந்தே அதன்மேல், 'செல்வி அபிராமியின் பூப்புனித நீராட்டு விழா' என்று தங்க எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து, படத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. அவை போனபோது பலகைக்கு முன்னால் அபிராமி, தலை நிறையப் பூவும் நகையுமாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சொந்தக்காரர்கள். மாமாவின் குடும்பம், சித்தப்பாவின் குடும்பம், வேலைத்தலத்து நண்பர்கள். ஒரு கூட்டம் இறங்கி அடுத்தது ஏறுவதற்கு நடுவில் பலகை தெரிய வேண்டும். அங்கேயெல்லாம் வீடியோக்காரர் ரோஜாப்பூவைச் சுழல விட்டிருந்தார். சில இடத்தில் புறா. சில இடத்தில் இதயம். மிச்சிகோ தரையில் இறங்கி டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, நிறுத்தி, ஓட்டி, நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தினால் படம் நடுங்கியது. ஓரங்கள் கிடைத்தன. நடு கிடைக்கவே இல்லை.

ஓர் இடத்தில் ஓகுனி ஐயா வந்தார். ஒல்லியான மனிதர், பெரிய கோட்டு. அபிராமிக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்க்காமல் திரும்பித் தன் பலகையைப் பார்த்தார். "ஐயா, லுக் ஹியர்! கமராவைப் பாருங்கோ!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மிச்சிகோவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அண்ணை வீடியோக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். வெட்டுவதற்கு முன் எடுத்த முழு டேப் இருக்கிறதா என்று கேட்டார்.

"அண்ணை, உதுக்கு மேலை எத்தினை கலியாணம் எடுத்துப்போட்டன். கசெற் விக்கிற விலைக்குச் சேத்து வைக்கேலுமோ? ஏன், ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் நான் பரமேஸ் அக்காவைப் பார்த்தேன். சாய்த்து வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும் என்று அந்தப் பெரிய பலகையை நாங்கள் மேலே கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அக்கா டிவியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். வடைத்தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவர், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நான் டிவித் திரையைக் கேமராவில் எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பிலிமைக் கழுவி வாங்கிக்கொண்டு ஓவியக்கூடம் போனோம். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார். முழுப் பலகையும் தெரிகிற படம் ஒன்றுதான், அதில் தங்க எழுத்து. "இந்த எழுத்துகளை நீக்க வழியில்லையா?" என்றார். இல்லை என்றேன். "என்னால் முடியாது, மன்னியுங்கள்" என்று சொல்லி, மிச்சிகோவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து எதிரே ஒரு கடையில் சூப் வாங்கினோம். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

சனிக்கிழமை விடைபெறப் போனோம். பலகைகளை என்ன செய்வதென்று மிச்சிகோவுக்கே தெரியவில்லை. ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போக முடியாது. அக்கா எங்களை உட்கார வைத்தார். அழுகை இல்லை.

"தங்கச்சி, நான் இப்ப சொல்லுறதை ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் அவவுக்குச் சொல்லுங்கோ. கழுவேக்கை வாளித்தண்ணி பச்சையா வந்தது. ஊத்தை போகுதெண்டு நினைச்சன். பிறகு நீலமா வந்தது. அப்ப எனக்கு நெஞ்சிலை ஒரு பயம் பிடிச்சது. எண்டாலும் பாதியிலை விட்டால் அந்த மனுசன்ரை ஆத்துமாவுக்குக் கூடாதெண்டு எல்லாத்தையும் கழுவிமுடிச்சன். நான்தான் அழிச்சனான். வேறை ஒருத்தரும் இல்லை."

சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மிச்சிகோ அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இவரிடம் சொல்" என்றாள். "மாமா இறந்த செய்தி வந்தபோது ஓசாகாவில் ஒரு கோயில் ஓவியம் என் மேசையில் இருந்தது. பாதியில் விட முடியாது என்று நான் வரவில்லை. விட்டிருக்கலாம். நான் வந்திருந்தால் ஒருவரும் தண்ணீர் தொட்டிருக்க மாட்டார்கள். நான் செய்ய வேண்டியதை இவர்கள் செய்தார்கள். எனக்கு இவர் மேல் கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. இப்போது சத்தியமாக இல்லை."

நான் வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே என் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நல்ல வார்த்தையை வாழ்க்கையில் நான் யாருக்கும் மொழிபெயர்த்தது கிடையாது. அக்காவின் முகம் இனியாவது இளகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மிச்சிகோவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உண்மையா அவ அப்பிடித்தான் சொன்னவவோ?"

"சத்தியமா அக்கா."

"புதன்கிழமையும் நான் கேட்டனான், நல்லா இருக்கோவெண்டு. நல்லா இருக்கு, நன்றி சொல்லுறா எண்டு நீங்கள்தானே தங்கச்சி சொன்னனீங்கள்?"

மிச்சிகோ என் முழங்கையைப் பிடித்து உலுக்கி, "என்ன கேட்கிறார்? என்ன கேட்கிறார், சொல்லேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.